ரேடியேட்டர் சில்லிட்டால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மகள் வாங்கியிருக்கும் பழைய வீட்டில் சில அறைகள் மட்டும் சூடாகவில்லை என்று புக்கிட் மெர்தாஜாம் வாசகி ஒருவர் உங்கள் ஞாயிறு பதிப்பில் கேட்டிருந்தார். "பாய்லர் அழுத்தத்தை 5 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றச் சொல்லுங்கள், சூடாகாத ரேடியேட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு காற்று வால்வு போடச் சொல்லுங்கள்" என்று பதில் வந்திருந்தது (பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு). அந்த ரேடியேட்டர்களில் இரண்டிரண்டு குழாய் இருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். நிலவறை பாய்லரின் ஆவி ஒரு குழாயில் ரேடியேட்டர் என்னும் அறைச் சூடேற்றிக்கு வந்து, குளிர்ந்து நீராகி இன்னொரு குழாயில் திரும்பும் இரண்டு குழாய் நீராவி அமைப்புக்கு இந்த இரண்டு யோசனையுமே ஆகாது. முதலாவது கோளாறை வளர்க்கும், இரண்டாவது அதை மறைத்து வைக்கும்.

பாஸ்டன், நியூயார்க், சிகாகோ பக்கம் போன நம் பிள்ளைகளில் 1910, 1920களில் கட்டிய வீடுகளில் குடியிருப்போர் உண்டு. அக்டோபரில் அங்கே பாய்லர் எரியத் தொடங்கியதும் இங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஆலோசனை பறக்கும். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

அழுத்தத்தைக் கூட்டச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிறை ஆலைகளிலும் செம்பனை ஆலைகளிலும் பாய்லர் பார்த்த ஐயாமார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. செம்பனை ஆலை பாய்லர் 20 பார் அளவில் ஓடும். குலை வேகும் ஸ்டெரிலைசருக்கு 3 பார் ஆவி போய்ச் சேர வேண்டும். முள் இறங்கினால் வேலை நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் கை தானாகவே அழுத்தத்தைக் கூட்டப் போகும். வீட்டு ரேடியேட்டருக்கு வேண்டியதோ இட்லிச் சட்டி ஆவி, பிரஷர் குக்கர் ஆவி அல்ல. குக்கரின் வெயிட் சுமார் 15 பி.எஸ்.ஐ.யில், அதாவது 1 பாரில் தூக்கும். இட்லிச் சட்டியில் அழுத்தம் என்று சொல்ல எதுவுமில்லை, ஆனாலும் மூடியை அசட்டையாகத் திறந்தால் கை வெந்துவிடும். ஆவி மறுபடி நீராகும்போது விடுகிற வெப்பம்தான் கையைச் சுடுகிறது, அறையையும் சூடாக்குகிறது. ஒரு பவுண்டு ஆவி நீராகும்போது ஏறக்குறைய 970 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) கிடைக்கிறது. அழுத்தத்தை 2 பி.எஸ்.ஐ. ஏற்றினால் ஆவியின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸிலிருந்து 104க்குப் போகும், அவ்வளவுதான். அந்த நான்கு பாகையால் அறையில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஆகும் செலவுதான் கூடும்.

நட்டம் அதோடு நிற்பதில்லை. இந்த வீடுகளில் பலவற்றில் ஆவி குளிர்ந்து உண்டாகும் நீர் பம்ப் எதுவுமில்லாமல் தன் எடையாலேயே பாய்லருக்குத் திரும்புகிறது. பாய்லரில் 1 பி.எஸ்.ஐ. இருந்தால் அதை எதிர்த்து உள்ளே போவதற்குத் திரும்பும் குழாயில் நீர் ஏறக்குறைய 28 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். 5 பி.எஸ்.ஐ. என்றால் 140 அங்குலம், கிட்டத்தட்ட 12 அடி. நிலவறையின் உயரமே 7 அடியோ 8 அடியோதான். நீர் உள்ளே போக முடியாமல் திரும்பும் குழாயில் தேங்கும், அதற்கு மேலும் போனால் கீழ்த்தள ரேடியேட்டருக்குள் ஏறும். காற்று வெளியேறும் வழி அடைபடும். பாய்லரிலோ நீர்மட்டம் இறங்கும். தானியங்கி நீரூட்டி அதைப் பார்த்துப் புது நீரை விடும். அடுப்பு அணைந்து அழுத்தம் விழுந்ததும் தேங்கிய நீரெல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வந்து பாய்லரை நிரப்பித் தளும்ப வைக்கும். "பாய்லர் தானாகவே நிரம்பிவிடுகிறது, நீரூட்டி கெட்டுவிட்டது" என்று ஆள் வந்து நீரூட்டியை மாற்றிவிட்டுப் போவார். அடுத்த வாரம் அதே கதை நடக்கும். நிலவறையில் தொட்டியும் பம்பும் வைத்து நீரைத் திருப்பும் வீடுகளும் உண்டு. அங்கே இந்த 28 அங்குலக் கணக்கு இல்லாவிட்டாலும், பின்னால் சொல்லப்போகும் டிராப் கணக்கு அப்படியே பொருந்தும்.

ஆக, முதலில் செய்ய வேண்டியது அழுத்தத்தை இறக்குவதுதான். பாய்லரின் மேல் சாம்பல் நிறப் பெட்டியாக, அழுத்தத்தைப் பார்த்து அடுப்பை எரியவும் அணையவும் வைக்கும் ஒரு பிரஷர்ட்ரால் இருக்கும். ஹனிவெல் பி.ஏ.404 வகைதான் அதிகம் காணப்படும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினால் முன்பக்கம் ஓர் அளவுக்கோடும் உள்ளே வெள்ளை நிறத்தில் ஒரு சக்கரமும் தெரியும். முன் அளவை 0.5இலும் உள் சக்கரத்தை 1இலும் வைத்தால், அடுப்பு 0.5 பி.எஸ்.ஐ.யில் எரியத் தொடங்கி 1.5இல் அணையும். முன் அளவுத் திருகை அடிமட்டம் வரை இறக்கிவிடக் கூடாது, உள்ளே இருக்கும் இணைப்பு கழன்றுவிடும். மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடும் 'வேப்பர்' அமைப்பு என்று சொல்லப்படும் வீடுகளுக்கு 1.5கூட அதிகம். அங்கே அவுன்ஸ் கணக்கில் அளக்கும் வேப்பர்ஸ்டாட் வேண்டும். 16 அவுன்ஸ் சேர்ந்தால் 1 பி.எஸ்.ஐ. ஆகும், 8 முதல் 12 அவுன்ஸில் அணையும்படி வைப்பார்கள். கூடவே 0 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை காட்டும் சிறிய கேஜ் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. பாய்லரோடு வரும் கேஜ் 30 பி.எஸ்.ஐ. வரை போகும். லாரி எடைமேடையில் ஏலக்காய் நிறுத்தால் எப்படியோ, அதில் 1 பி.எஸ்.ஐ.யைப் படிப்பதும் அப்படித்தான். ஆனாலும் சட்டத்துக்காக அது இருந்தாக வேண்டும், கழற்றிவிடாதீர்கள்.

அளவைச் சரியாக வைத்த பிறகும் பலர் கோட்டை விடும் இடம் அந்தப் பெட்டியின் அடியில் சுருண்டிருக்கும் பன்றிவால் குழாய். அதில் நீர் நின்று ஆவியின் சூடு பெட்டிக்கு ஏறாமல் காக்கிறது. துருவும் சேறும் அதை அடைத்துவிட்டால் பாய்லருக்குள் என்ன அழுத்தம் இருக்கிறதென்று பெட்டிக்குத் தெரியாது. பாய்லர் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 15 பி.எஸ்.ஐ. பாதுகாப்பு வால்வு வாய் திறக்கும்போதுதான் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, பாய்லர் ஆறிய பிறகு, அதைக் கழற்றிக் கம்பி விட்டுக் குடைந்து, ஒரு முனையில் ஊதிப் பார்த்து, திரும்ப மாட்டும் முன் நீர் ஊற்றி நிரப்புங்கள். பாய்லரில் அது வந்து சேரும் துளையையும் குடைய வேண்டும். குழாயைச் சுத்தம் செய்துவிட்டுத் துளையை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி காற்று வால்வு விவகாரம். ஒரு குழாய் அமைப்பில் ஆவி வருவதும் நீர் திரும்புவதும் ஒரே குழாய் வழியாக என்பதால், காற்று வெளியேற ரேடியேட்டரின் பக்கவாட்டில் ஒரு வென்ட் இருக்கும். அங்கே அது தேவை. இரண்டு குழாய் அமைப்பில் ஆவி ஒருபக்க வால்வு வழியாக, பெரும்பாலும் மேலிருந்து, நுழையும். மறுமுனையின் அடியில் கைமுட்டி அளவுக்குப் பித்தளையில் வட்ட மூடி போட்ட ஒரு பொருள் இருக்கும். அதுதான் ஸ்டீம் டிராப். நீரையும் காற்றையும் விட்டு ஆவியை மட்டும் மறித்துக்கொள்வது அதன் வேலை. காற்று டிராப் வழியாகத் திரும்பும் குழாயில் இறங்கி, நிலவறையில் பாய்லருக்குப் பக்கத்தில் உள்ள பெரிய வென்ட் வழியாக வெளியேறும். ஆக ரேடியேட்டரில் வென்ட் போட்டால் என்ன ஆகும்? அந்த அறை அன்றைக்குச் சூடாகும், வீட்டார் மகிழ்வார்கள். ஆனால் காற்று வழக்கமான வழியில் ஏன் போகவில்லை என்ற கேள்வி அங்கேயே புதைந்துபோகும். பழைய வீடுகளில் எல்லா ரேடியேட்டரிலும் துளை போட்டு வென்ட் செருகியிருப்பதைக் கண்டால், டிராப்கள் எல்லாம் செத்து வெகுகாலம் ஆகிவிட்டதென்று கொள்ளலாம்.

டிராப்பின் உள்ளே மெல்லிய உலோகத் தகடாலான வட்டோ துருத்தியோ இருக்கும். அதற்குள் நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தை அடைத்து மூடியிருப்பார்கள். ஆவியின் சூடு பட்டால் திரவம் கொதித்துத் துருத்தியை விரிக்கும், துருத்தி வாயை அடைக்கும். சூடு குறைந்தால் சுருங்கித் திறக்கும். மின்சாரமில்லை, கம்பியில்லை. தகடு விரிசல் கண்டு திரவம் கசிந்துவிட்டால் துருத்தி விரியாது, வாய் எப்போதும் திறந்தே இருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான். சில சமயம் மூடியபடியே சிக்கிக்கொள்ளும், அல்லது அழுக்கு அடைக்கும். அப்போது அந்த ரேடியேட்டர் மட்டும் சில்லென்று கிடக்கும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

திறந்தபடி கெட்ட டிராப்தான் ஆளை ஏமாற்றும். அது இருக்கும் ரேடியேட்டர் ஜம்மென்று கொதிக்கும், யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆவி அதன் வழியாகத் தப்பித் திரும்பும் குழாய்க்குள் பாயும். அங்கே ஆவி வந்துவிட்டால் பக்கத்து ரேடியேட்டருக்கு முன்னும் பின்னும் ஒரே அழுத்தம். உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிட ஆளில்லை. அதோடு அந்தப் பக்கத்து ரேடியேட்டரின் நல்ல டிராப்பும் பின்பக்கத்துச் சூட்டை உணர்ந்து, "ஆவி வந்துவிட்டது" என்று நினைத்து மூடிக்கொள்ளும். ஆக, சில்லிட்ட அறையில் இருப்பது நல்ல டிராப், கெட்டது கொதிக்கும் அறையில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் அம்மாவின் மகளுக்கு இந்த ஒரு வரியைச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி. குளிர்ந்த ரேடியேட்டரின் டிராப்பை மாற்றிவிட்டு, "மாற்றியும் சூடாகவில்லையே" என்று அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். அழுத்தம் கூடக் கூடக் கெட்ட டிராப் வழியாக இன்னும் அதிகமான ஆவி திரும்பும் குழாய்க்குள் போகும்.

கெட்டதைக் கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்கிறோம். பாய்லரை அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டு, ரேடியேட்டர் முழுவதும் சூடான பிறகு, டிராப்புக்கு முன்னும், டிராப்பைத் தாண்டி ஓர் அடியிலிருந்து இரண்டு அடிக்குள் குழாயிலும் வெப்பநிலை பாருங்கள். குழாயில் ஒட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டர் நல்லது. துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் கருவி பளபளக்கும் பித்தளையில் பொய் சொல்லும், அதனால் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் குறிபாருங்கள். முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே சூடு, 200 பாகை ஃபாரன்ஹீட்டுக்கு மேல் என்றால் ஆவி கடந்து போகிறது. ஆனால் பக்கத்து டிராப்பிலிருந்து வந்த ஆவியும் அந்தக் குழாயைச் சூடாக்கலாம் அல்லவா? அதனால் சந்தேகப்படும் ரேடியேட்டரின் ஆவி வால்வை முழுவதும் மூடிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். திரும்பும் குழாய் ஆறினால் குற்றவாளி அதுதான். ஆறாவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். பாய்லருக்கு மிக அருகில் இருப்பதிலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆவி முதலில் அங்கேதான் போய்ச் சேரும்.

ரேடியேட்டர் டிராப்களை எல்லாம் மாற்றியும் தீராத வீடு என்றால் நிலவறைக் கூரையைப் பாருங்கள். ஆவியின் பிரதானக் குழாய் முடியும் இடத்திலும், மாடிக்கு ஏறும் குழாய்களின் அடியிலும் தேங்கும் நீரை வடிக்கத் தனி டிராப்கள் இருக்கும். சில இடங்களில் மிதவையும் துருத்தியும் சேர்ந்த பெரிய டிராப் இருக்கும். தூசியும் சிலந்தி வலையுமாகக் கிடப்பதால் யார் கண்ணிலும் படாது. அது திறந்தபடி கெட்டால் வீட்டிலேயே பெரிய கசிவு அதுதான், ஆவி ரேடியேட்டர் பக்கமே போகாமல் நேராகத் திரும்பும் குழாய்க்குள் விழும்.

நிலவறையின் பெரிய வென்ட் ஆவியைக் கக்கினால் அதை உடனே மாற்றவோ அடைக்கவோ வேண்டாம். திரும்பும் குழாயில் ஆவி வந்துவிட்டது என்று அது காட்டிக்கொடுக்கிறது. டிராப்களைச் சரிசெய்த பிறகும் மூடாவிட்டால் அப்போது மாற்றலாம். ஒரு வென்ட் போதாமல் இரண்டு மூன்றை வரிசையாகப் பொருத்துவதும் வழக்கம்தான். காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறதோ அவ்வளவு வேகமாக ஆவி கடைசி அறைக்குப் போய்ச் சேரும்.

டிராப்பை முழுதாக மாற்றத் தேவையில்லை, உள்ளிருக்கும் உறுப்பை மட்டும் மாற்றினால் போதும். மூடியில் வார்த்திருக்கும் பெயரைப் படம் எடுங்கள்: ஹாப்மன் 17சி, வெப்ஸ்டர், டன்ஹாம், இல்லினாய், ட்ரேன் என்று ஏதோ ஒன்று இருக்கும். பழைய நிறுவனம் மூடிப்போயிருந்தாலும் கவலையில்லை. பார்ன்ஸ் அண்ட் ஜோன்ஸ் போன்றவர்கள் பழைய டிராப் உடல்களுக்குள் பொருந்தும் உறுப்புகளை இன்றும் செய்கிறார்கள். அடைக்கும் வாயும் சேர்ந்தே வரும் வகையை வாங்குங்கள். பழைய வாயில் ஆவி அறுத்த பள்ளம் இருந்தால் புது உறுப்பும் சரியாக அடைக்காது.

மூடியைத் திறப்பதுதான் வேலையிலேயே கடினம். நூறு வயது உலோகம் அது. முதல் நாள் இரவே இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். பாய்லரை நிறுத்தி, எல்லாம் ஆறிய பிறகு, ஒரு பைப் ரெஞ்ச்சால் டிராப்பின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, 15 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் மூடியைத் திருகுங்கள். உடலைப் பிடிக்காமல் திருகினால் மூடி வராது, ரேடியேட்டருக்குள் போகும் நிப்பிள் என்னும் இணைப்புக் குழாய்தான் முறியும். அப்புறம் பத்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். வரவில்லையென்றால் மூடியின் விளிம்பைச் சுற்றிலும் சுத்தியலால் லேசாகத் தட்டி மறுபடி முயலுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகி இழுக்கும் வீரம் இங்கே வேண்டாம். திறந்ததும் உள்ளிருக்கும் சேற்றைத் துடைத்து, உறுப்பை மாற்றி, மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையை அதில் துளி தடவி மூடுங்கள். சில மூடிகளுக்கு கேஸ்கெட் உண்டு, சிலவற்றில் உலோகம் உலோகத்தோடு நேராக உட்காரும். இல்லாத இடத்தில் புதிதாக ஒன்றை வெட்டிப் போட்டால் உறுப்பின் உயரம் மாறி வாய் அடைபடாது.

கழற்றிய உறுப்பு நல்லதா கெட்டதா என்று அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். கொதிக்கும் நீரில் இடுக்கியால் பிடித்து அமிழ்த்தினால் நல்லது விரியும், எடுத்தால் சுருங்கும். புதிய உறுப்புகளையும் மாட்டும் முன் இப்படிப் பார்ப்பது வீண் வேலையில்லை. பெட்டியிலிருந்து வரும்போதே செத்தவையும் உண்டு.

மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் ஒரே கோடையில் மாற்றிவிடுங்கள். பத்தில் ஆறை மாற்றினால் மீதி நான்கு வழியாக வரும் ஆவி திரும்பும் குழாயைக் கெடுத்து, செய்த செலவையே சந்தேகிக்க வைக்கும்.

டாம் டூமென்று குழாயில் சுத்தியல் அடிப்பதுபோலச் சத்தம் வந்தால் எங்கோ நீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். வேகமாக வரும் ஆவி அந்த நீரை உருட்டிக்கொண்டு போய் வளைவில் மோதுகிறது. இரண்டு குழாய் ரேடியேட்டர் டிராப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு குழாய் ரேடியேட்டர் வால்வு பக்கம் சாயும், இதை மாற்றிச் செய்கிறவர்களும் உண்டு. மட்டக்கோல் வைத்துப் பார்த்து, காலுக்கடியில் மரச்சில்லோ வாஷரோ கொடுங்கள். இங்கிருந்து கொண்டுபோன 20 சென் நாணயம் நான்கு இருந்தால் அதுவும் போதும். நிலவறையில் பிரதானக் குழாய் 20 அடிக்கு ஓர் அங்குலம் என்ற சாய்வில் போக வேண்டும். தொங்கும் பட்டை கழன்று நடுவில் தொய்ந்திருந்தால் அந்தப் பள்ளத்தில்தான் நீர் நிற்கும்.

ஆவி வால்வை இரண்டு குழாய் அமைப்பில் பாதி திறந்து வைக்கலாம். படுக்கையறைக்குக் குறைவான சூடு போதுமென்றால் கால்பங்கு திறந்தாலே போதும். ஒரு குழாயில் அது கூடாது, ஆவியும் நீரும் ஒரே சந்தில் முட்டிக்கொள்ளும். இந்த வசதி இருப்பதையே அறியாமல், பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்கள் உண்டு. வால்வின் தண்டில் ஆவி கசிந்தால் பேக்கிங் நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள். நிற்காவிட்டால் ஆறிய பிறகு கிராஃபைட் கயிற்றைச் சுற்றி இறுக்குங்கள்.

இனி பாய்லர். இந்தப் பகுதியில் நம் ஆலை அனுபவம் அப்படியே உதவும், ஐயாமார்கள் தாராளமாகப் பேசலாம். பாய்லர் ஆறியிருக்கும்போது, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் நீர் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். நீர் குறைந்தால் அடுப்பை அணைக்கும் குறைநீர் நிறுத்தி மிதவை வகை என்றால் வாரம் ஒருமுறை, அடுப்பு எரியும்போதே, கீழே வாளி வைத்து வால்வைத் திறந்து சேற்றைத் தள்ளுங்கள். அப்போது அடுப்பு அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த வீட்டில் பாதுகாப்பு இல்லை, சரிசெய்யும்வரை பாய்லரை ஓட்டாதீர்கள். கம்பி வகை நிறுத்தியை இப்படித் தள்ள முடியாது, ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். கேஜ் கிளாஸில் நீரே தெரியாமல் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஆறும்வரை காத்திருங்கள். காய்ந்த சூட்டில் குளிர்ந்த நீர் விட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கும் என்பதை ஐயாமார்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அடிக்கடி நீர் விட வேண்டியிருக்கிறதா? ஆவி எங்கோ வெளியேறுகிறது, அல்லது நிலவறைத் தரைக்கடியில் புதைந்திருக்கும் குழாய் கசிகிறது. புது நீரோடு வரும் ஆக்சிஜன் பாய்லரை உள்ளேயிருந்து தின்னும். அதனால் நீர் விட்ட கையோடு ஒருமுறை கொதிக்க விட்டு அந்த ஆக்சிஜனை வெளியேற்றுங்கள். நீரூட்டிக்கு முன்னால் சிறிய மீட்டர் ஒன்று வைத்தால் மாதம் எத்தனை காலன் போகிறதென்று கணக்குத் தெரியும். கேஜ் கிளாஸில் நீர் ஓர் அங்குலத்துக்கு மேல் துள்ளினால் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. புதிய குழாய் போட்ட பிறகு இது வரும். நீரைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கி, மேலிருக்கும் வழிவாயைத் திறந்து, பென்சில் தடிமனுக்கு மெதுவாக வழியும்படி பல மணி நேரம் நீர் விட வேண்டும். அவசரப்பட்டு வேகமாக விட்டால் எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும்.

பாய்லருக்குப் பக்கத்தில் திரும்பும் குழாய் மேலே ஏறி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வளையமாகச் சேரும். அதை வேண்டாத வேலை என்று அறுத்தெறிந்துவிடாதீர்கள். ஹார்ட்ஃபர்ட் என்னும் பாய்லர் காப்பீட்டு நிறுவனம் 1919இல் வலியுறுத்திய வளையம் அது. புதைந்த குழாய் உடைந்தாலும் பாய்லர் முழுவதும் வடிந்து காயாமல் அது காக்கும்.

நிலவறைக் குழாய்களின் லேகிங், அதாவது சூடு போகாமல் சுற்றும் உறை பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் குழாயாக இருந்தால் ஆவி பாதி வழியிலேயே நீராகிவிடும், ஓர் அங்குலத் தடிமன் கண்ணாடியிழை லேகிங் போடுவது பலன் தரும். ஆனால் வெள்ளையாக, பூச்சுக் கட்டுப் போட்டதுபோல் இருக்கும் பழைய லேகிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கையால் பிய்க்காதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அதற்கென்று உரிமம் பெற்றவர்களை அழையுங்கள். பாய்லர் இருக்கும் தளத்திலும் படுக்கையறைத் தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். பாதுகாப்பு வால்வின் வாயில் அடைப்பு எதுவும் போடக் கூடாது, அதன் வடிகுழாய் தரையை நோக்கி இறங்கியிருக்க வேண்டும்.

வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் இதில் எதையும் தொட வேண்டாம், பாய்லர் வீட்டுக்காரர் பொறுப்பு. நியூயார்க் நகரில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை வெளியே 55 பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே 68 பாகை இருந்தாக வேண்டும். இரவில் வெளியே எப்படியிருந்தாலும் 62 பாகை. இல்லாவிட்டால் நகர நிர்வாகத்தின் 311 எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யலாம். கூச்சப்பட்டுக் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டியதில்லை.

அம்மாவின் மகள் சொந்த வீட்டுக்காரர் என்பதால் அவருக்கு ஒன்று. பனி தொடங்கியதும் ஆவி வேலை தெரிந்த ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அவசரத்தில் வருவார். டிராப்களின் படங்களையும் எண்ணிக்கையையும் இப்போதே குறித்து வைத்துக்கொண்டு, ஜூன் மாதத்தில் உறுப்புகளை வாங்கி வேலையை முடிக்கச் சொல்லுங்கள். வருகிற பிளம்பரிடம் முதலில் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "இந்த வீட்டுக்கு எத்தனை பி.எஸ்.ஐ. வைப்பீர்கள்?" 2க்கு மேல் ஏதாவது எண்ணைச் சொன்னால், ஒரு தே தாரேக் கலந்து கொடுத்து அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
பாய்லர் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
பிறை, பினாங்கு.